யெல்லோஸ்டோனில் பைசன், ஓநாய், கரடி: எங்கே நிற்பது, எப்போது நிற்பது

அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குக் கோடை விடுமுறையில் காரில் போய்வரும் தமிழ்க் குடும்பங்களிடம் என்னென்ன விலங்குகளைப் பார்த்தீர்கள் என்று கேட்டால், பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: பைசன் நிறைய, மான் கொஞ்சம், கரடியை யாரோ பார்த்ததாகச் சொன்னார்கள், ஓநாய் இல்லை. இதில் அதிர்ஷ்டத்தின் பங்கு நாம் நினைப்பதைவிடக் குறைவு. பூங்காவுக்குள் எட்டு வடிவில் வளைந்தோடும் ‘கிராண்ட் லூப்’ சாலை மட்டும் சுமார் 229 கிலோமீட்டர் நீளம். அதை இரண்டு நாளில் சுற்றி முடித்துவிட வேண்டும் என்று வெந்நீர் ஊற்றுகளையும் அருவிகளையும் வரிசையாகக் குறித்துக்கொண்டு காலை ஒன்பது மணிக்கு விடுதியை விட்டுக் கிளம்புகிறவர், ஓநாய் உலவும் இடத்தை அது படுத்துறங்கும் நேரத்தில், மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தில் கடந்துவிடுகிறார்.

ஒரு பள்ளத்தாக்கைத் தேர்ந்துகொண்டு, விடியுமுன் அங்கே போய்ச் சேர்ந்து, ஒரு மேட்டில் நின்று, நகராமல் பார்ப்பதுதான் பலன் தரும் வழி. ‘விலங்கு எங்கே இருக்கும்?’ என்று கேட்பதைவிட ‘இந்த மாதத்தில் அதற்குத் தீனி எங்கே கிடைக்கும்?’ என்று கேட்டால் பாதி வேலை முடிந்துவிடும். புதுப்புல் எங்கே முளைக்கிறதோ அங்கே பைசனும் எல்க் மானும் இருக்கும். எல்க் எங்கே கன்று ஈனுகிறதோ அங்கே ஓநாயும் கிரிஸ்லி கரடியும் சுற்றும். ஓநாய் எதையாவது வீழ்த்திய இடத்துக்கு மேலே அண்டங்காக்கை வட்டமிடும். இவற்றில் ஒன்று கண்ணில் பட்டால் போதும், மற்றவை வரும்வரை அங்கேயே காத்திருக்கலாம்.

பெயரைப் பற்றி ஒரு சொல். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் தேயிலைத் தோட்டத்துக்குள்ளும் தெருவிலும் வந்து நிற்கும் காட்டுமாட்டையும் நாம் ‘காட்டெருமை’ என்றும் ‘பைசன்’ என்றும் சொல்லிப் பழகிவிட்டோம். சங்கப் பாடல்களில் ‘ஆமா’ என்று வருவது அந்தக் காட்டுமாடுதான் என்பர். யெல்லோஸ்டோனின் பைசன் வேறு இனம். தோளில் பெருந்திமிலும், தலை முதல் முன்னங்கால் வரை சடைபிடித்த மயிரும் கொண்டது. குழப்பம் வேண்டாம் என்பதற்காக இங்கே அதைப் பைசன் என்றே குறிப்பிடுகிறேன்.

எங்கே தங்குவது, எங்கே நிற்பது

1872-இல் அமைக்கப்பட்ட இந்தப் பூங்கா ஏறத்தாழ 9,000 சதுர கிலோமீட்டர் பரந்தது. பெரும்பகுதி வயோமிங் மாநிலத்திலும், ஓரங்கள் மொண்டானாவிலும் ஐடஹோவிலும் உள்ளன. பூங்காவின் பெரும்பாலான பகுதி நெருக்கமான பைன் காடு. அதற்குள் பத்தடி தள்ளிக் கரடி நின்றாலும் சாலையிலிருந்து தெரியாது. ஆகவே விலங்கு பார்க்க வருகிறவர் திறந்த புல்வெளிகளையே நம்ப வேண்டும். அவற்றில் இரண்டு முக்கியமானவை. வடகிழக்கில் லமார் பள்ளத்தாக்கு. பூங்காவின் நடுவில், கேன்யன் கிராமத்துக்கும் யெல்லோஸ்டோன் ஏரிக்கும் இடையே ஹேடன் பள்ளத்தாக்கு. மூன்று நாள்தான் இருக்கிறது என்றால் இரண்டை லமாருக்குக் கொடுங்கள் என்பேன். வெந்நீர் ஊற்றுகளுக்கு மிஞ்சும் ஒரு நாள் போதாதுதான். எல்லாவற்றையும் பார்க்க நினைத்துத்தான் பலர் எதையும் சரியாகப் பார்க்காமல் திரும்புகிறார்கள்.

தங்குமிடத்தில்தான் முதல் தவறு நடக்கிறது. பெரும்பாலோர் மேற்கு வாயிலில் உள்ள வெஸ்ட் யெல்லோஸ்டோன் ஊரில் அறை எடுக்கிறார்கள். அங்கிருந்து லமாருக்கு இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆகும். விடியலுக்கு அங்கே நிற்க வேண்டுமானால் நள்ளிரவு தாண்டியதும் எழுந்திருக்க வேண்டும்; குழந்தைகளோடு அது நடக்காது. வடக்கு வாயிலில் உள்ள கார்டினர் ஊரிலிருந்து லமார் ஒரு மணி நேரத் தொலைவு. வடகிழக்கு வாயிலுக்கு வெளியே உள்ள குக் சிட்டி இன்னும் பக்கம், ஆனால் மிகச் சிறிய ஊர். அறைகள் சீக்கிரம் தீர்ந்துவிடும். கார்டினரில் தங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 2022 ஜூனில் வந்த பெருவெள்ளம் கார்டினருக்கும் பூங்காவுக்குள் உள்ள மாமத் வெந்நீர் ஊற்றுப் பகுதிக்கும் இடையே ஆற்றோரமாக ஓடிய சாலையை அரித்துக்கொண்டு போய்விட்டது. இப்போதைய சாலை மலைமேல் ஏறும் பழைய வண்டிப்பாதையை அகலப்படுத்திப் போட்டது. வளைவும் ஏற்றமும் அதிகம். வெள்ளத்துக்கு முந்தைய வரைபடங்களையும் பயணக் குறிப்புகளையும் வைத்து நேரம் கணக்கிடாதீர்கள்.

மாமத்திலிருந்து கிழக்கே டவர் சந்திப்பு 29 கிலோமீட்டர். அங்கிருந்து வடகிழக்கு வாயில் 47 கிலோமீட்டர். கார்டினரிலிருந்து மாமத், டவர், லமார் வழியாகக் குக் சிட்டி வரை செல்லும் இந்த ஒரு சாலைதான் ஆண்டு முழுவதும் கார்களுக்குத் திறந்திருக்கும். டவரிலிருந்து லமாருக்குள் நுழையும் வழியில் முதலில் ‘லிட்டில் அமெரிக்கா’ என்று அழைக்கப்படும் மேடுபள்ளமான வெளியும், பிறகு ஸ்லூ கிரீக் ஓடையும், ஒரு குறுகிய மலையிடுக்கும், அதைத் தாண்டியதும் சட்டென்று விரியும் பெரும் பள்ளத்தாக்கும் வரும். சாலையோரத்தில் சிறு சிறு நிறுத்துமிடங்கள் உள்ளன. இருட்டில் போகும்போது, ஏற்கெனவே நாலைந்து கார்கள் நின்று, குளிர்க்கோட்டு அணிந்தவர்கள் முக்காலிகளை விரித்துக்கொண்டிருக்கும் நிறுத்துமிடம் தென்பட்டால், அங்கேயே நிறுத்திவிடுவது புத்திசாலித்தனம். அவர்களில் சிலர் ஆண்டுக்கணக்காக அங்கே தினமும் வருகிறவர்கள். நேற்று மாலை ஓநாய்க் கூட்டம் எந்தச் சரிவில் மறைந்தது என்பது அவர்களுக்குத் தெரியும். ‘இன்று என்ன தென்பட்டது?’ என்று மெல்லிய குரலில் கேட்டால், பெரும்பாலும் தங்கள் தொலைநோக்கியிலேயே ஒரு பார்வை பார்க்கச் சொல்வார்கள்.

எந்த மாதம், எந்த மணி

மூன்றையும் ஒரே பயணத்தில் பார்க்க விரும்புகிறவருக்கு மே நடுவிலிருந்து ஜூன் நடுவரை உள்ள காலத்தைவிடச் சிறந்தது இல்லை. உயர்ந்த சரிவுகளில் இன்னும் பனி கிடப்பதால் பசும்புல் பள்ளத்தாக்கின் அடியில் மட்டுமே இருக்கும். புல்லைத் தேடி வருகிறவையும், அவற்றைத் தேடி வருகிறவையும் ஒரே இடத்தில் கூடும். பைசன் கன்றுகள் ஏப்ரல் இறுதியிலிருந்து பிறக்கத் தொடங்கியிருக்கும். செம்மஞ்சள் நிறத்தில் துள்ளும் அவற்றை அங்குள்ளவர்கள் ‘ரெட் டாக்’ என்று செல்லமாகச் சொல்கிறார்கள். ஆண் கிரிஸ்லிகள் மார்ச் நடுவிலேயே உறக்கக் குழியை விட்டு வெளியே வந்துவிடும். குட்டிகளோடு இருக்கும் தாய்கள் ஏப்ரல் பாதிக்குப் பிறகுதான் வரும். குளிர்காலத்தில் செத்துப் பனிக்குள் புதைந்த விலங்குகளின் உடல்களையும், வேர்களையும், மே இறுதியில் பிறக்கும் எல்க் கன்றுகளையும் தேடி அவை தாழ்வான வெளிகளிலேயே மேயும்.

ஜூலை பிற்பகுதியிலிருந்து ஆகஸ்ட் நடுவரை பைசனுக்கு இணைசேரும் பருவம். இடிபோல் உறுமும் காளைகள், புழுதியில் புரள்வது, மோதுவது என்று லமாரும் ஹேடனும் திருவிழாக்கோலம் கொள்ளும். ஆனால் அதே ஆகஸ்டு கரடிக்கு மோசமான மாதம். கிரிஸ்லிகளில் பல உயர்ந்த பாறைச் சரிவுகளுக்கு ஏறி, கற்களைப் புரட்டி, அவற்றின் அடியில் ஒதுங்கும் கொழுத்த அந்துப்பூச்சிகளை ஆயிரக்கணக்கில் தின்றுகொண்டிருக்கும்; சாலையிலிருந்து அதைப் பார்க்க வழியில்லை. பள்ளி விடுமுறை என்பதற்காக ஆகஸ்டில்தான் போக முடியும் என்றால் பைசனையே முதன்மையாக வைத்துத் திட்டமிடுங்கள். கரடியைக் குழந்தைகளுக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். செப்டம்பரில் நிலைமை மீண்டும் மாறும். நீண்ட உறக்கத்துக்குமுன் கொழுப்புச் சேர்க்க வேண்டிய கரடிகள் பகலெல்லாம் தின்றுகொண்டிருக்கும்.

ஓநாய் மட்டும் போதும் என்கிறவர் ஜனவரியிலோ பிப்ரவரியிலோ போகலாம். ஆழ்ந்த பனியால் எல்க் கூட்டங்கள் மலையை விட்டுத் தாழ்வான பள்ளத்தாக்குகளுக்கு இறங்கிவிடும். அவற்றின் பின்னால் ஓநாய்களும் இறங்கும். வெள்ளைத் தரையில் கறுப்பு ஓநாய் வரிசையாக நடப்பது வெறுங்கண்ணுக்கே தெரியும். பிப்ரவரி அவற்றின் இணைசேரும் காலம் என்பதால் பகலிலும் நடமாட்டம் அதிகம். குளிரோ −20 டிகிரிக்குக் கீழே போகும். பனிச்சாலையில் காரோட்டிப் பழக்கமில்லாதவர் வழிகாட்டியோடு போவதே நல்லது.

எந்த மாதமானாலும் பார்க்கும் நேரம் ஒன்றேதான்: விடியல். ஜூனில் சூரியன் ஐந்தரை மணி வாக்கில் உதிக்கும். முதல் வெளுப்பு அதற்கு அரைமணி முன்பே வந்துவிடும். அந்த வெளுப்பில் நீங்கள் முக்காலியை நிறுத்தியிருக்க வேண்டும். காலை ஒன்பது, பத்து மணிக்குமேல் ஓநாய்கள் புதருக்குள் படுத்துவிடும் என்பது ஒருபுறம். தரை சூடேறியதும் எழும் கானல் மறுபுறம். கானல் எழுந்தபின் தொலைநோக்கியில் பார்த்தால் ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள எல்லாமே நீருக்கடியில் இருப்பதுபோல நெளியும், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கண்ணாடியானாலும். அப்போது கிளம்பிப்போய்ச் சாப்பிட்டுத் தூங்கிவிட்டு, மாலை ஐந்து மணிக்குத் திரும்பி வந்து, இருட்டும்வரை நிற்கலாம்.

கையில் என்ன வேண்டும்

பைனாகுலர் ஆளுக்கொன்று இருக்க வேண்டும். குடும்பத்துக்கு ஒன்று என்றால் கரடி மறையும்போதுதான் அது உங்கள் கைக்கு வரும். 8×42 அல்லது 10×42 அளவு போதுமானது. ஆனால் லமாரில் ஓநாய் வழக்கமாக ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் தள்ளித்தான் இருக்கும். அதற்கு 20 முதல் 60 மடங்கு வரை பெருக்கிக்காட்டும், முக்காலியில் நிற்கும் ஸ்பாட்டிங் ஸ்கோப் தேவை. விலை அதிகம் என்பதால் வாங்க வேண்டியதில்லை. கார்டினரில் நாள்வாடகைக்குக் கிடைக்கும். கனமில்லாத மலிவு முக்காலி காற்றில் நடுங்கும், ஸ்கோப் நன்றாக இருந்தும் பயனிருக்காது. எப்போதும் குறைந்த பெருக்கத்தில் தொடங்கி, விலங்கு சட்டத்துக்குள் வந்தபின் கூட்டுங்கள்.

உடை விஷயத்தில், சென்னையிலிருந்தோ டெக்சாஸிலிருந்தோ கோடை என்று நம்பி வருகிறவர்கள் ஏமாறுகிறார்கள். லமார் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜூன் விடியலில் காரின் கண்ணாடியில் உறைபனி படிவது அங்கே சாதாரணம். நடந்தால் உடம்பு சூடாகும், நீங்களோ நிற்கப்போகிறீர்கள். குல்லாய், கையுறை, தடித்த காலுறை, ஃபிளாஸ்கில் காபி, காரில் ஒரு கம்பளி ஆகியவை இருந்தால் மூன்று மணி நேரம் நிற்கலாம். இல்லாவிட்டால் இருபது நிமிடத்தில் குழந்தைகள் விடுதிக்குப் போகலாம் என்பார்கள். லமாரில் பெட்ரோல் கிடையாது, கைபேசிக்குச் சமிக்ஞை கிடைப்பது அரிது, கழிப்பறை ஒன்றிரண்டு இடங்களில்தான் உண்டு. முந்தின நாள் மாலையே டாங்கை நிரப்பி, வரைபடத்தைக் கைபேசியில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கண்ணால் துழாவுவது எப்படி

பலரும் வந்து நின்றவுடனே ஸ்கோப்பில் கண்ணை வைத்து மலையைத் துழாவத் தொடங்குகிறார்கள். அதில் தெரிவது கைக்குட்டை அகலப் பரப்பு. அந்தக் கைக்குட்டையை வைத்து ஒரு பள்ளத்தாக்கைத் துடைத்து முடிக்க முடியாது. முதலில் ஐந்து நிமிடம் வெறுங்கண்ணால் முழுவெளியையும் பாருங்கள். அசைவது எது, பைசன் கூட்டம் எங்கே, எல்க் எங்கே, பறவை எங்கே இறங்குகிறது என்று மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பைனாகுலரால் ஆற்றங்கரை, சேஜ் புதர் வெளி, காட்டின் விளிம்பு, எஞ்சியிருக்கும் பனித்திட்டு என்று பட்டை பட்டையாகப் பிரித்து, இடமிருந்து வலமாக, அவசரமின்றி. சந்தேகப்படும்படி ஏதாவது தென்பட்ட பிறகே ஸ்கோப்.

நான் போன முதல் காலையில், எதிர்ச்சரிவில் பழுப்பு நிறத்தில் சுருண்டு படுத்திருந்த கரடி ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டேன். காதுகூடத் தெரிந்தது. இருபது நிமிடம் கண்ணெடுக்காமல் பார்த்து, அது மூச்சு விடுவதையும் பார்த்துவிட்டேன். பக்கத்தில் நின்ற முதியவரிடம் பெருமையாகக் காட்டியபோது, அவர் ஸ்கோப்பில் பார்த்துவிட்டு மிகுந்த மரியாதையோடு சொன்னார்: “அது பனியுகத்திலிருந்தே அங்கேதான் படுத்திருக்கிறது.” லமார் முழுவதும் பனியாறுகள் உருட்டிக்கொண்டுவந்து விட்டுப்போன பாறைகள் கிடக்கின்றன, ஒவ்வொன்றும் ஒரு பைசன் அளவு, அல்லது கரடி அளவு. அன்றிலிருந்து நான் கடைப்பிடிக்கும் வழி இது: சந்தேகமான உருவத்தை அருகிலுள்ள ஒரு மரத்தோடோ புதரோடோ சேர்த்துப் பார்த்து நினைவில் வைத்துக்கொண்டு, கண்ணை எடுத்து, ஐந்து நிமிடம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும். இடைவெளி மாறியிருந்தால் விலங்கு. மாறாவிட்டால் பாறை, அல்லது தூங்கும் பைசன்.

நேரே விலங்கைத் தேடுவதைவிட மற்ற விலங்குகளின் பார்வையைத் தேடுவது எளிது. மேய்ந்துகொண்டிருந்த எல்க்குகள் எல்லாம் தலைதூக்கி ஒரே திசையை வெறித்துக்கொண்டிருந்தால், அவை பார்க்கும் திசையில் நீங்களும் பாருங்கள். பைசன் பசுக்கள் கன்றுகளை உள்ளே தள்ளி நெருங்கி நின்றால் காரணம் இருக்கும். அண்டங்காக்கைகளும் மேக்பைகளும் ஓரிடத்தில் இறங்குவதும் எழுவதுமாக இருந்தால், அருகே வெண்தலைக் கழுகு ஒன்றும் மரத்தில் உட்கார்ந்திருந்தால், அங்கே செத்த உடல் கிடக்கிறது என்று பொருள். அப்படி ஓர் இடம் தெரிந்துவிட்டால் அன்றைய திட்டம் எதுவானாலும் கைவிட்டுவிட்டு அங்கேயே நில்லுங்கள். முதலில் ஓநாய் தின்னும். ஏதாவது ஒரு வேளையில் கிரிஸ்லி மோப்பம் பிடித்து வந்து அவற்றை விரட்டிவிட்டு இரைமேலேயே படுத்துக்கொள்ளும். ஓநாய்கள் சுற்றிலும் உட்கார்ந்து காத்திருக்கும். மூன்று விலங்கில் இரண்டு ஒரே சட்டத்துக்குள் கிடைப்பது பெரும்பாலும் இப்படித்தான்.

ஒரு மே மாதக் காலையில் ஆற்றின் அக்கரையில் கிடந்த எல்க்கின் உடலை ஸ்கோப்பில் பார்த்துக்கொண்டிருந்தேன். தின்று முடித்த கறுப்பு ஓநாய் ஒன்று வயிறு இருபுறமும் புடைக்க, மார்பும் முகவாயும் சிவந்திருக்க, நடக்கவே சலித்துக்கொள்வதுபோல நாலடி வைத்து நின்றது; பின்னால் தத்தித் தத்தி வந்த அண்டங்காக்கை அதன் வாலைக் கொத்தி இழுத்தது. ஓநாய் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. காக்கை இன்னொரு முறை இழுத்தது. அவ்வளவுதான் நடந்தது, நிறுத்துமிடத்தில் இருந்த முப்பது பேரும் சத்தம் வராமல் சிரித்துக்கொண்டிருந்தோம்.

ஓநாயா, கோயோட்டியா

சாலைக்கு அருகே நாய்போல ஒன்று எலி பிடித்துக்கொண்டிருந்தால் அது பெரும்பாலும் கோயோட்டி என்னும், ஓநாயைவிடச் சிறிய காட்டுநாய். கோயோட்டியின் எடை 11 முதல் 16 கிலோ. காது உயரமாக, கூர்மையாக, முகவாய் நரிபோல ஒடுங்கியிருக்கும். ஓநாய் பெரும்பாலும் 40 கிலோவுக்குமேல். கால் நீளம், பாதம் பெரிது, தலை அகலம். யெல்லோஸ்டோன் ஓநாய்களில் ஏறத்தாழப் பாதி கறுப்பு, மீதி சாம்பல். தனியாகத் தெரிவது கோயோட்டியாகலாம், ஒரே தடத்தில் ஒன்றன்பின் ஒன்றாக ஏழெட்டு நடந்தால் சந்தேகமே வேண்டாம்.

இவை இங்கே தொடர்ந்து வாழ்ந்தவை அல்ல. அரசே ஆள்வைத்து வேட்டையாடியதில் 1926-க்குள் பூங்காவில் ஓநாய்க் கூட்டங்கள் அற்றுப்போயின. 1995-இல் கனடாவின் ஆல்பர்ட்டாவிலிருந்து 14, மறு ஆண்டு பிரிட்டிஷ் கொலம்பியாவிலிருந்து 17 எனப் பிடித்துவந்து, லமாரையொட்டிய பகுதிகளிலும் பிற இடங்களிலும் அடைப்புகளில் பழக்கி விட்டார்கள். இன்று பூங்காவுக்குள் ஏறத்தாழ நூறு ஓநாய்கள் உள்ளன. சிலவற்றின் கழுத்தில் ரேடியோ பட்டையும், அதற்கேற்ற எண்ணும் உண்டு. நிறுத்துமிடத்தில் மக்கள் எண்ணைச் சொல்லிப் பேசுவது புதியவருக்கு விசித்திரமாக இருக்கும். 832 என்ற பெண் ஓநாய் 2006-இல் பிறந்ததால் ‘ஓ-சிக்ஸ்’ என்று அழைக்கப்பட்டது. லமாரில் அதைப் பார்த்தவர்கள் ஆயிரக்கணக்கானோர். 2012 டிசம்பரில் பூங்கா எல்லைக்கு வெளியே வேட்டைக்காரர் ஒருவரால் அது சட்டப்படியே சுடப்பட்டது. பூங்கா எல்லை எங்கே முடிகிறது என்று ஓநாய்க்குத் தெரியாது. அந்த ஊர்களில் அது இன்றும் சூடான பேச்சு, புதியவர் வாயைக் கொடுக்காமல் கேட்டுக்கொண்டிருப்பது நலம்.

ஏப்ரல் நடுவில் குட்டிகள் பிறப்பதால் மே, ஜூனில் கூட்டம் குட்டிகள் இருக்கும் வளையை மையமாக வைத்தே நடமாடும். விடியலில் வேட்டைக்குப் போனவை திரும்பிவரும் வழி ஓரளவு கணிக்கத்தக்கது. ஸ்லூ கிரீக் பகுதியில் சில ஆண்டுகளில் சாலையிலிருந்தே ஒரு வளை தெரிந்திருக்கிறது. ஊளைச் சத்தம் கேட்டால் காரின் எஞ்சினை அணைத்துவிட்டுத் திசையைக் குறித்துக்கொள்ளுங்கள். பதிலுக்கு நீங்கள் ஊளையிடக் கூடாது. குரலாலோ கருவியாலோ விலங்கை அழைப்பது அங்கே குற்றம்.

கரடியில் எந்தக் கரடி

நிறத்தை நம்பக் கூடாது. இங்குள்ள கருங்கரடிகளில் பாதிதான் கறுப்பு. மற்றவை பழுப்பு, செம்பட்டை, வைக்கோல் நிறம். கிரிஸ்லிக்குத் தோளில் தசைத்திமில் உண்டு, நெற்றிக்கும் மூக்குக்கும் இடையே முகம் குழிந்திருக்கும், காது சிறிதாக உருண்டிருக்கும். கருங்கரடிக்குத் திமில் இல்லை, முகம் நேர்கோடு, காது எடுப்பாகத் தெரியும். டவர் சந்திப்பைச் சுற்றியுள்ள சாலையோரங்களில் மே, ஜூனில் புல்லும் டேன்டலியன் பூவும் மேயும் கருங்கரடியைக் குட்டிகளோடு காணலாம். கிரிஸ்லிக்கு ஹேடன், லமார், வாஷ்பர்ன் மலையை ஒட்டிய டன்ரேவன் கணவாய், மாமத்துக்குத் தெற்கே உள்ள ஸ்வான் லேக் வெளி ஆகியவை. காலை நேரத்தில் ஒரு கிரிஸ்லி சரிவில் மண்ணைத் தோண்டுவதைப் பார்த்தால் கிளம்பிவிடாதீர்கள். வேர் தோண்டும் கரடி அதே சரிவில் மணிக்கணக்கில் இருக்கும்.

சாலையில் இருபது கார்கள் ஒழுங்கில்லாமல் நின்றால், அங்கே கரடி இருக்கிறது என்று பொருள். நடுச்சாலையில் நிறுத்தாமல், நான்கு சக்கரமும் வெள்ளைக்கோட்டுக்கு வெளியே வரும்படி நிறுத்த இடம் கிடைத்தால் மட்டும் நில்லுங்கள். கிடைக்காவிட்டால் மெதுவாகக் கடந்துபோய்ச் சற்றுத் தள்ளியுள்ள நிறுத்துமிடத்திலிருந்து பாருங்கள். விலங்கு சாலையைக் கடக்க முனைகிறது என்று தெரிந்தால், அது நடந்து வரும் கோட்டில் யாரும் நிற்காதபடி விலகி வழிவிட வேண்டும். தாய் கடந்து, குட்டி இக்கரையில் கூட்டத்துக்கு நடுவே மாட்டிக்கொள்வதைவிட ஆபத்தான நிலை வேறில்லை.

பைசன்: சாதுவாகத் தெரிவது

பைசனைத் தேட வேண்டியதில்லை, அதுவே சாலைக்கு வந்து நிற்கும். 1902-இல் பூங்காவில் இரண்டு டஜன் அளவே எஞ்சியிருந்த இனம் இது. லமாரிலேயே பண்ணை வைத்து வளர்த்துப் பெருக்கி, இன்று ஆயிரக்கணக்கில் இருக்கிறது. மந்தை சாலையைக் கடக்கும்போது எஞ்சினை அணைத்து, கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஹாரன் அடிக்காமல் இருங்கள். அரைமணி நேரம் ஆகலாம். பசு ஒன்று கார்க் கதவை உரசியபடி நிற்கும்போது தாடியில் காய்ந்த சேறும், மூக்கிலிருந்து கண்ணாடியில் படியும் ஆவியும், பன்றி உறுமல்போன்ற தாழ்ந்த குரலில் கன்றைக் கூப்பிடுவதும் இரண்டடியில் கிடைக்கும். அந்த நெருக்கம் காருக்குள் இருக்கும்வரை மட்டுமே.

யெல்லோஸ்டோனில் மனிதரை அதிகம் காயப்படுத்திய விலங்கு கரடியோ ஓநாயோ அல்ல, பைசன்தான். 900 கிலோ வரை எடையுள்ள காளை மணிக்கு 55 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். ஊரில் எருமையோடும் பசுவோடும் பழகிய நமக்கு, மேய்ந்துகொண்டிருக்கும் மாட்டைச் சுற்றிக்கொண்டு போவது இயல்பாக வந்துவிடும். அந்தப் பழக்கத்தை வாயிலிலேயே விட்டுவிட வேண்டும். வால் கொடிபோல நிமிர்ந்தால், தலையை ஆட்டினால், தரையைக் காலால் பறித்தால், அது பாயப்போகிறது. 2023 மே மாதம் லமாரில் ஆற்றைக் கடக்க முடியாமல் நின்ற பிறந்த கன்றை ஒருவர் இரக்கப்பட்டுக் கரையேற்றிவிட்டார். மனிதன் தலையிட்ட கன்றை மந்தை திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை. அது சாலையில் கார்களின் பின்னே அலைந்ததால் பூங்கா ஊழியர்கள் அதைக் கொல்ல வேண்டியதாயிற்று. உதவி செய்தவர் நீதிமன்றத்தில் அபராதம் கட்டினார்.

எவ்வளவு தூரம்

விதி எளியது: பைசன், எல்க் முதலியவற்றிடமிருந்து 23 மீட்டர், கரடி, ஓநாய், மலைச்சிங்கம் (பூமா) ஆகியவற்றிடமிருந்து 91 மீட்டர். கிரிக்கெட் கணக்கில் சொன்னால், பைசனுக்கு ஒரு பிட்ச்சும் மேலே ஏறத்தாழ மூன்று மீட்டரும். கரடிக்கு, ஆடுகளத்தின் நடுவிலிருந்து பவுண்டரிக் கோட்டையும் தாண்டிய தொலைவு. நீங்கள் அசையாமல் நிற்க விலங்கு தானே நெருங்கி வந்தாலும் பின்வாங்க வேண்டியவர் நீங்கள்தான். உங்களைப் பார்த்து அது மேய்வதை நிறுத்தினால், 23 மீட்டர் இருந்தாலும் அது போதவில்லை.

உணவை வெளியே வைக்கக் கூடாது என்பதில் ரேஞ்சர்கள் கடுமையாக இருப்பார்கள், காரணம் உண்டு. பல பத்தாண்டுகளாகச் சாலையோரத்தில் கார்க் கண்ணாடி வழியாகக் கரடிக்குத் தின்பண்டம் நீட்டுவதும், குப்பைமேட்டில் அவை தின்பதை வேடிக்கை பார்ப்பதும் இங்கே வழக்கமாக இருந்தன. 1970 வாக்கில்தான் அவற்றை முற்றாக நிறுத்தினார்கள். புளிசாதப் பொட்டலத்தைச் சுற்றுலா மேசைமேல் வைத்துவிட்டு ஓடைக்குப் போகாதீர்கள்.

சாலையை விட்டு நடைபாதையில் நடக்கிறவர் மூவருக்குக் குறையாமல், பேசிக்கொண்டே போக வேண்டும், திருப்பங்களில் கைதட்டலாம். ஆளுக்கொரு கரடி ஸ்ப்ரே இடுப்பில், உடனே உருவும்படி இருக்க வேண்டும். பைக்குள் இருந்தால் இல்லாததற்குச் சமம். அதைக் கொசுமருந்துபோல உடம்பிலோ கூடாரத்திலோ அடித்துக்கொள்வது பயன்தராது, கண்தான் எரியும். கரடியை எதிர்கொண்டால் ஓடக் கூடாது. அது எந்த மனிதனையும்விட வேகமாக ஓடும். மெல்லப் பின்வாங்குங்கள். பாய்ந்து வந்தால் பாதுகாப்புக் கொக்கியை எடுத்து, 18 மீட்டருக்குள் வரும்போது, சற்றுத் தாழ்வாக, அதற்கும் உங்களுக்கும் இடையே ஒரு புகைத்திரை எழும்படி அடிக்க வேண்டும். கிரிஸ்லி தற்காப்புக்காக மேலே விழுந்துவிட்டால் குப்புறப் படுத்து, கைகளைப் பிடரியில் கோத்து, முதுகுப்பையைக் கழற்றாமல் அசைவின்றிக் கிடக்க வேண்டும். கடைக்காரரிடம் பயிற்சிக் குப்பி இருக்கிறதா என்று கேட்டு, கொக்கி கழற்றும் அசைவை இரண்டு முறை பழகிக்கொள்ளுங்கள்.

இந்த ஸ்ப்ரேயை விமானத்தில் கைப்பையிலும் கொண்டுபோக முடியாது, பெட்டியிலும் கொண்டுபோக முடியாது. ஆகவே அங்கேயே வாங்குங்கள், அல்லது வாடகைக்கு எடுங்கள். வாங்கியதைத் திரும்பும் நாளில் விடுதியில் புதிதாக வந்திறங்குகிற குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டு, காலாவதித் தேதியையும் லமாரில் அன்று காலை எந்த நிறுத்துமிடத்தில் கூட்டம் இருந்தது என்பதையும் சொல்லிவிட்டுக் கிளம்பலாம்.